பாம்பும் ஏணியும்: ஒரு மருந்து பிறக்கும் கணக்கு

புதிய மருந்து ஒன்று கடைக்கு வர ஏன் பத்துப் பன்னிரண்டு வருடம் எடுக்கிறது? வந்த பிறகு ஏன் இந்த விலை? "கம்பனிக்காரன் மருந்தைக் கண்டுபிடித்துப் போட்டு ஒளித்து வைத்திருக்கிறான்" என்று வட்ஸ்அப்பில் வருவது உண்மையா? டென்மார்க்கில் எம்மவர் நாலு பேர் கூடும் எந்த வீட்டிலும் இந்த மூன்று கேள்வியில் ஒன்றாவது எழும். சலரோகம் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. அதற்கு மருந்து செய்யும் உலகப் பெரிய கம்பனிகளில் ஒன்று இருக்கும் நாட்டிலேயே நாம் வாழ்கிறோம். ஆகவே கேள்வி வருவது இயல்பு. பதில்தான் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

நான் வைத்தியன் அல்லன். ஊரில் வணிகமாணி படித்து, அகதியாக வந்து, இங்கே கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்விகளில் பாதி, கணக்குக் கேள்விகள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றை விளக்க நான் கண்ட வழிகளில் பலன் தந்தது ஒன்றுதான். ஒரு மட்டை, சில காய்கள், ஒரு தாயக்கட்டை.

பலகை விளையாட்டால் பாடம் சொல்வது புதிதல்ல. எங்கள் பரமபதமே அப்படி வந்ததுதான். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் பரமபதம். வெள்ளைக்காரன் அதை 1890களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக்கினான். டெனிஷ் மொழியில் அதற்கு "ஏணி விளையாட்டு" என்றே பொருள்படும் பெயர். பாம்பைப் பெயரில் இருந்து கழற்றிவிட்டார்கள். டென்மார்க்கில் எல்லா வீட்டிலும் கிடக்கும் மத்தடோர், மொனோப்பொலியின் டெனிஷ் வடிவம். அந்த மொனோப்பொலியின் மூலம் லிசி மகீ என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்ற "நிலச்சுவாந்தார் விளையாட்டு". காணிக்காரர் வாடகையால் எப்படி மற்றவரை ஓட்டாண்டியாக்குகிறார் என்று காட்டவே அவர் அதைச் செய்தார். கண்டிக்க எடுத்த விளையாட்டு பிறகு காணி சேர்க்கும் ஆசையைக் கற்றுத்தரும் விளையாட்டாக மாறிப்போனது வேறு கதை.

மருந்தைப் பற்றிய பலகை விளையாட்டு என்றால் பலருக்கும் தெரிந்தது "பெண்டமிக்". மட் லீகொக் என்பவர் வடிவமைத்து 2008இல் வந்தது. நாலு நோய்கள் உலகம் முழுக்கப் பரவும். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தோற்கடிக்காமல் ஒன்றாகச் சேர்ந்து தடுக்க வேண்டும். நல்ல விளையாட்டு. கோவிட் காலத்தில் எங்கள் வீட்டிலும் ஓடியது. ஆனால் அதில் மருந்து எப்படிக் கிடைக்கிறது? ஒரே நிறச் சீட்டு ஐந்து சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் மருந்து தயார். அந்த ஒரு கணத்துக்குள்தான் உண்மையில் பத்து வருடமும் ஆயிரக்கணக்கான நோயாளிகளும் மறைந்திருக்கிறார்கள். அந்தக் கணத்தை விரித்துப் பலகையாக்கினால் என்ன என்பதே என் எண்ணம்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கம் 2011 முதல் 2020 வரையான மருந்துப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மனிதரில் முதலாம் கட்டப் பரிசோதனை தொடங்கிய மருந்துகளில் 52 வீதம் இரண்டாம் கட்டத்துக்குப் போயின. இரண்டாம் கட்டத்தில் இருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போனவை 28.9 வீதம். மூன்றாம் கட்டத்தைத் தாண்டி அனுமதிக்கு விண்ணப்பித்தவை 57.8 வீதம். விண்ணப்பித்தவற்றில் அனுமதி பெற்றவை 90.6 வீதம். நாலையும் பெருக்கினால் 7.9 வீதம். நூறு மருந்து மனித உடலுக்குள் போனால் எட்டுக்கூட முழுதாகத் தேறுவதில்லை. ஆய்வுகூடத்திலும் மிருகங்களிலும் கழிபட்டவை இந்த நூறுக்குள் சேர்த்தியில்லை.

இதைத் தாயக்கட்டைக்கு மாற்றுவது சுலபம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காய். முதலாம் கட்ட வாசலைத் தாண்ட 4, 5, 6இல் ஒன்று விழ வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு 5 அல்லது 6 மட்டும். மூன்றாம் கட்டத்துக்குத் திரும்பவும் 4, 5, 6. அனுமதி வாசலில் 1 விழுந்தால் மட்டும் தோல்வி. ஒரு வாசலில் ஒரு தடவைதான் உருட்டலாம். தவறினால் காய் பலகையை விட்டு வெளியே. கணக்குப் பார்த்தால் 1,296 தடவைக்கு 90 தடவை முடிவுக்குப் போகும். பதினாலு காயில் ஒன்று. உண்மை எண்ணுக்குப் போதுமான அளவு கிட்ட நிற்கிறது.

பன்னிரண்டு பிள்ளைகள் ஆடினால் பெரும்பாலும் ஒருவரும் முடிவுக்குப் போகமாட்டார்கள், அல்லது ஒருவர் போவார். முதல் ஆட்டம் முடிந்ததும் "இது என்ன விளையாட்டு, எல்லாரும் தோற்கிறம்!" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் நான் பாடத்தைத் தொடங்குவேன்.

ஏன் இவ்வளவு வாசல்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணக் கதை உண்டு. முதலாம் கட்டத்தில் பெரும்பாலும் நல்ல உடல்நலமுள்ள சிலருக்கே மருந்தைக் கொடுத்து, உடம்பு தாங்குமா, எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள். 2006 மார்ச்சில் லண்டன் நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்தில் (ஹரோப் பக்கத்துத் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த இடம்) டிஜிஎன்1412 என்ற மருந்தை முதல்முறை மனிதருக்கு ஏற்றினார்கள். எட்டுப் பேர். இரண்டு பேருக்கு வெற்று மருந்து, ஆறு பேருக்கு உண்மையான மருந்து, ஒருவருக்குப்பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில். மிருகங்களில் பாதகமில்லை என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆனாலும் சில மணித்தியாலத்துக்குள் அந்த ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. ஆறு பேரும் உயிர் தப்பினார்கள், சிலர் நிரந்தரப் பாதிப்போடு. அதன் பிறகு ஐரோப்பாவில் வழிகாட்டி மாறியது. புதிய மருந்தை முதலில் ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து பார்த்த பிறகே அடுத்தவருக்கு. என் பலகையில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் காய் வந்தால் ஒரு சுற்று சும்மா இருக்க வேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். காத்திருக்காமல் விட்டதால் என்ன நடந்தது என்று சொன்னால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் வருகிறார்கள், நூறு பேர், சில நூறு பேர். இங்கேதான் அதிகமான காய்கள் சாகின்றன. எலியில் வேலை செய்தது மனிதனில் செய்வதில்லை. அல்லது செய்கிற மாதிரித் தோன்றுகிறது, உண்மையில் இல்லை. இந்தத் "தோன்றுகிறது" என்பதைப் புரியவைப்பது எதையும்விடக் கடினம். அதற்குத் தாயக்கட்டையை ஒதுக்கிவிட்டு நாணயக் குற்றியை எடுப்பேன்.

ஒவ்வொரு பிள்ளையும் ஆறு தடவை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் நோயாளி சுகம், பூ விழுந்தால் இல்லை. "மருந்து" என்று எதுவுமே இல்லை. தானாகச் சுகமாவது பாதிக்குப் பாதி. இருபது பிள்ளைகள் சுண்டினால், ஆறில் ஐந்தோ ஆறோ தலை விழுந்த பிள்ளைகள் சராசரியாக இரண்டு பேர் இருப்பார்கள். அந்த இரண்டு பேரும் துள்ளிக் குதிப்பார்கள்: "என்ர மருந்து வேலை செய்யுது!" பிறகு அவர்களை அறுபது தடவை சுண்டச் சொல்வேன். முப்பதுக்குக் கிட்டவே வந்து நிற்கும். மூன்றாம் கட்டத்துக்கு ஏன் ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. "எங்கட மாமிக்கு அந்தக் கசாயம் குடிச்சுச் சுகம் வந்தது" என்ற பேச்சுக்கும் இதுவே பதில். மாமிக்குச் சுகம் வந்தது பொய்யல்ல. கசாயத்தால் வந்ததா என்பதை ஒரு மாமியை வைத்துச் சொல்ல முடியாது.

டென்மார்க்கிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது, விளையாட்டுக்கென்றே செய்து வைத்ததுபோல. கோப்பன்ஹேகனில் உள்ள லுண்ட்பெக் கம்பனி மூளை, மன நோய்களுக்கான மருந்துகளுக்குப் பேர்போனது. அல்சைமர் மறதி நோய்க்கு இடலோபிர்டின் என்ற மருந்தை ஆராய்ந்தது. 278 நோயாளிகளில் செய்த இரண்டாம் கட்டப் பரிசோதனையில் நல்ல பலன் தெரிந்தது. 2014இல் முடிவு வெளியானது. அந்தப் பரிசோதனைக்கு வைத்த பெயர் "லடர்", அதாவது ஏணி. ஏணி கிடைத்துவிட்டது என்று மூன்றாம் கட்டத்துக்குப் போனார்கள். மூன்று பெரிய பரிசோதனைகள், மொத்தம் 2,525 நோயாளிகள். 2016 செப்டெம்பரில் முதலாவதன் முடிவு வந்தது: வெற்றுக் குளிசைக்கும் மருந்துக்கும் வித்தியாசமில்லை. மற்ற இரண்டும் அப்படியே. ஏணியின் உச்சியில் பாம்பின் வாய்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒருமுறை ஒரு தம்பி கேட்டான், "அப்ப முதல் 278 பேரில அவங்கள் பொய் சொன்னவங்களோ மாமா?" இல்லை, தம்பி. நீ ஆறு தடவை சுண்டி ஐந்து தலை எடுத்தாயே, நீ பொய் சொன்னாயா?

பைசர் கம்பனியின் டோர்செற்றபிப் இன்னொரு வகைப் பாம்பு. நல்ல கொலஸ்ட்ரோலைக் கூட்டும் மருந்து. இரத்தப் பரிசோதனையில் எண்கள் அழகாக மாறின. 15,000 பேரளவில் மூன்றாம் கட்டம் நடந்தபோது, 2006 டிசெம்பரில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 82 பேரும் எடுக்காதவர்களில் 51 பேரும் இறந்திருந்தார்கள். ஒரு சிறு கூட்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இரத்தத்தில் எண் நல்லாக வருவது வேறு, ஆள் நல்லாக இருப்பது வேறு.

இனி என் துறைக்கு வருகிறேன்.

ஒரு மருந்தை உருவாக்க 260 கோடி டொலர் செலவாகிறது என்று கம்பனிகள் சொல்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். 2016இல் அமெரிக்காவின் டஃப்ற்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடு அது. கணக்காளனாக அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். அதில் கையில் இருந்து உண்மையாகப் போன காசு ஏறத்தாழ 140 கோடி டொலர்தான், தோற்ற மருந்துகளின் செலவையும் சேர்த்து. மிச்சம் 116 கோடியளவு, காசு அத்தனை வருடம் முடங்கிக் கிடந்ததற்கான மூலதனக் கிரயம், வருடத்துக்கு 10.5 வீதப்படி. ஊரில் உயர்தர வகுப்பில் "அமையச் செலவு" என்று படித்தோமே, அதுதான். வேறு ஆய்வாளர்கள் 2020இல் பொதுவெளியில் கிடைக்கும் கணக்கறிக்கைகளை வைத்துப் பார்த்தபோது நடுவெண் 98.5 கோடி டொலர் என்று வந்தது. எந்த மருந்துகளை எடுத்தார்கள், எந்த வட்டி போட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே யாராவது ஒரே எண்ணைச் சொல்லி மேசையில் அடித்தால், "வட்டியும் சேர்த்தோ, சேர்க்காமலோ?" என்று கேளுங்கள்.

பலகையில் இதற்கு மத்தடோர் நோட்டுகளை எடுப்பேன். நான் வங்கி. ஒவ்வொரு பிள்ளையும் நூறு கடன் வாங்கித் தொடங்கும். ஒரு சுற்று ஒரு வருடம். வருடத்துக்குப் பத்து வீதம் கடன் ஏறும். பத்துச் சுற்று முடிந்தபோது நூறு, 259 ஆகி நிற்கும். பாம்பு கடித்தால் காய் மட்டும் போகும், கடன் போகாது. பதினாலு பேரில் ஒருவர் வென்றால், அந்த ஒருவரின் மருந்து விலையில் இருந்துதான் பதின்மூன்று பேரின் கடனையும் அடைக்க வேண்டும் என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு அப்போதுதான் "விலை" என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

ஐந்தொகையிலும் இதே பயம் தெரியும். கட்டடம் வாங்கினால் சொத்து. ஆனால் பெரிய மருந்துக் கம்பனிகள் தமது ஆய்வுச் செலவை அனுமதி கிடைக்கும்வரை பொதுவாகச் சொத்தாகக் காட்டுவதில்லை. அந்தந்த வருட இலாப நட்டக் கணக்கிலேயே செலவாக எழுதிவிடுவார்கள். பலன் வருமா என்று நிச்சயமில்லாததைச் சொத்து என்று எழுதக் கணக்கியல் நியமம் விடாது. பத்திரிகைப் பேட்டியில் எவ்வளவு நம்பிக்கையாகப் பேசினாலும் கணக்குப் புத்தகம் அந்த மருந்தை நம்புவதில்லை.

அதற்காக விலை முழுவதும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. செலவான காசு செலவானதுதான். சந்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே விலை வைக்கிறார்கள். ஒஸெம்பிக்கை எடுங்கள். அதே ஊசிக்கு அமெரிக்காவில் போட்ட பட்டியல் விலை டென்மார்க்கில் உள்ளதைப்போல் பல மடங்கு. 2024இல் யேல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று, ஒரு மாத மருந்தை உற்பத்தி செய்ய 5 டொலருக்கும் குறைவாகவே முடியும் என்றது. இங்கே டென்மார்க்கிலும் 2024 நவம்பரில் இருந்து ஒஸெம்பிக்குக்கு அரச மானியம் வேண்டுமானால் முதலில் மலிவான மருந்தைப் பாவித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் ஆட்களில் பலர் மருந்துக்கடையில் பில்லைப் பார்த்துத்தான் அந்த மாற்றத்தை அறிந்தார்கள். செலவுக் கணக்கு ஒன்று, விலை அரசியல் இன்னொன்று. பலகை முதலாவதைத்தான் கற்பிக்கும்.

இப்படிச் சொன்னதும் மூத்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: இன்சுலின் அப்படி வரவில்லையே? சரியான கேள்வி. அதில் டென்மார்க்குக்குப் பெரிய பங்கு உண்டு.

கனடா ரொறன்ரோவில் பன்டிங்கும் பெஸ்ட்டும் 1921இல் சதையி எனப்படும் கணையத்தில் இருந்து சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரி 11இல் பதினாலு வயது லெனாட் தொம்சனுக்கு ஊசி போட்டார்கள். சாறு சுத்தமில்லை, சரிவரவில்லை. கொலிப் என்ற இரசாயன அறிஞர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுக்க, ஜனவரி 23இல் மீண்டும் போட்டார்கள். சீனி இறங்கியது. பன்னிரண்டு நாள்! அதே வருட இலையுதிர்காலத்தில் டென்மார்க்கின் நோபல் பரிசாளர் ஓகுஸ்ட் குறோ விரிவுரைகளுக்காக அமெரிக்கா போயிருந்தார். கூடப்போன மனைவி மரீ குறோ ஒரு வைத்தியர், அவருக்கே சலரோகம். இந்தப் புதிய மருந்தை நேரில் போய் விசாரிக்கும்படி அவர்தான் வற்புறுத்தினார். ரொறன்ரோ சென்று, ஸ்கண்டிநேவியாவில் இன்சுலின் செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார் குறோ. வைத்தியர் ஹாகெடோர்னுடன் சேர்ந்து டிசெம்பரிலேயே முதல் சாறு எடுத்தார். 1923 மார்ச்சில் டெனிஷ் நோயாளிகளுக்குப் போட்டார்கள். பணம் கொடுத்தவர், இன்று லியோ என்று அறியப்படும் மருந்துக் கம்பனியின் உரிமையாளர் கொங்ஸ்டெட். அதனால்தான் முதல் டெனிஷ் இன்சுலினின் பெயர் "இன்சுலின் லியோ". அப்படிப் பிறந்த நோர்டிஸ்க்கில் இருந்து பிரிந்துபோன பீடர்சன் சகோதரர்கள் 1925இல் நோவோவைத் தொடங்கினார்கள். அறுபது வருடத்துக்கு மேல் போட்டியிட்டு 1989இல் இரண்டும் ஒன்றாகின. மரீ குறோவின் பெயர் கம்பனிப் பலகையில் இல்லை என்பதைப் பெண் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

அன்றைய பலகையில் கட்டங்கள் ஏன் குறைவு? இன்சுலினின் பலன் மணித்தியாலக் கணக்கில் தெரிந்தது. எடுக்காத பிள்ளை செத்துப்போகும் என்பதும் நிச்சயம். அப்படிப்பட்ட மருந்துக்கு ஆயிரம் பேர் தேவையில்லை. நாணயத்தை அறுபது தடவை சுண்டுவது, வித்தியாசம் சிறிதாக இருக்கும்போதுதான். மற்றக் காரணம் தலிடோமைட். 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து. கர்ப்பிணிகள் வாந்திக்கும் எடுத்தார்கள். 1961இல் நிறுத்துவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. அமெரிக்காவில் அதை அனுமதிக்க மறுத்து நின்றவர் பிரான்செஸ் கெல்சி என்ற ஒரு பெண் அதிகாரி. 1962இல் அமெரிக்கச் சட்டம் கடுமையானது, மற்ற நாடுகளும் தொடர்ந்தன. பலகையில் இன்று இருக்கும் கட்டங்களில் பல அந்தக் குழந்தைகளின் பெயரில் போட்டவை.

ஒஸெம்பிக்கின் கதையை வைத்து ஒரு தனிப் பலகையே செய்யலாம். ஜிஎல்பி-1 என்ற ஓமோனைக் கண்டறிந்ததில் அமெரிக்க ஆய்வாளர்களோடு கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் யூல் ஹொல்ஸ்ட்டுக்கும் பங்குண்டு, 1980களில். ஆனால் அது உடம்பில் ஓரிரு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கொரு ஊசி யார் போடுவது? நோவோவில் லொட்டே பியர் குனுட்சன் என்ற பெண் விஞ்ஞானி தலைமையில் அந்த மூலக்கூறோடு ஒரு கொழுப்பமிலத்தைக் கோத்து இரத்தத்தில் தங்கவைத்தார்கள். பாதியாகும் நேரம் 13 மணித்தியாலம் ஆனது, ஆகவே நாளுக்கொரு ஊசி: அது விக்டோசா, ஐரோப்பாவில் 2009. பிறகு ஒரு வாரம் தங்கும் செமகுளுடைட்: ஒஸெம்பிக், அமெரிக்காவில் 2017 டிசெம்பர். ஆய்வுகூடத்தில் இருந்து வாரத்துக்கொரு ஊசிவரை முப்பது வருடம். 2023இல் கம்பனியின் சந்தைப் பெறுமதி டென்மார்க்கின் ஒரு வருட மொத்த உள்நாட்டு உற்பத்தியையே தாண்டியது.

பிறகும் பாம்பு விடவில்லை. இதே செமகுளுடைட் அல்சைமர் நோயை மந்தப்படுத்துமா என்று 3,800 பேரளவில் சோதித்தார்கள்; இல்லை என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, செப்டெம்பரில், அமெரிக்கப் போட்டிக் கம்பனியின் மருந்து சந்தையைப் பிடிக்க, 9,000 வேலைகளைக் குறைப்பதாக நோவோ சொன்னது. அதில் ஐயாயிரம் அளவு டென்மார்க்கில். உச்சியில் இருக்கும் காய்க்கும் பலகை முடிவதில்லை.

பலகை விளையாட்டுக்குக் குறைகளும் உண்டு, அவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தாயக்கட்டை எல்லாவற்றையும் அதிர்ஷ்டமாக்கிவிடுகிறது. உண்மையில் கட்டை ஏற்கனவே உருட்டப்பட்டுவிட்டது. மருந்து வேலை செய்யுமா இல்லையா என்பது இயற்கையில் முடிவான விஷயம், நமக்குத்தான் தெரியாது. இரண்டாவது குறை பெரிது. விளையாட்டில் நகர்வது மருந்து. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் கீழே மனிதர் நிற்கிறார்கள். அவர்கள் காய்களல்ல.

ஆகவே ஒரு விதி சேர்த்தேன். பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆடாமல் இருக்கும் பிள்ளைகள் "நோயாளிகள்". மூன்றாம் கட்டத்துக்குப் போகும் காய் அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர்கள் மறுக்கலாம், நடுவில் எழுந்தும் போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூடிய உறைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: மருந்து அல்லது வெற்றுக் குளிசை. ஆடுபவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏன் எனக்கும் தெரியக்கூடாது என்று கேட்டால், "தெரிந்தால் நான் உன்ர முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக் காட்டிப்போடுவன்" என்பேன்.

எம்மவருக்கு இந்த விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். வயதான அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து டெனிஷ் மொழியில் கடிதம் வருகிறது: இன்ன ஆய்வில் பங்குபற்ற விருப்பமா? ஒரு வீட்டில் "டொக்டர் கேட்டா மறுக்கலாமே" என்று வாசிக்காமல் ஒப்பம். இன்னொரு வீட்டில் "எங்களை வச்சுச் சோதிக்கப் பாக்கிறாங்கள்" என்று கிழித்துக் குப்பை. இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு முகம். டென்மார்க்கில் இப்படிப்பட்ட எந்தப் பரிசோதனையும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. விளக்கம் சொல்லும்போது உடன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். முடிவெடுக்க அவகாசம் கேட்கலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். விலகினால் வழமையான வைத்தியம் குறையாது. உடன் போகிறவர் கேட்க வேண்டியவை: இது எத்தனையாம் கட்டம்? வெற்றுக் குளிசை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா? ஏதும் நடந்தால் இரவில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது?

தெற்காசியருக்குச் சலரோகம் இளவயதிலேயே, மெல்லிய உடம்பிலும் வருகிறது. பிரித்தானியாவில் அதிக எடைக்கான எல்லையை மற்றவருக்கு 25 என்றும் எங்களுக்கு 23 என்றும் வைத்திருப்பதே அதனால்தான். எங்களைப்போன்ற உடம்புகள் பரிசோதனையில் இல்லாவிட்டால், எங்களுக்கு அந்த மருந்து எந்த அளவில் பொருந்தும் என்பது மற்றவர்களின் உடம்பை வைத்து ஊகிக்கப்படும். சேருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

பலகை செய்ய அதிகம் வேண்டாம். ஒரு பெரிய கடதாசி மட்டை, ஐம்பது கட்டம், நாலு வாசல், நாலு பாம்பு. பாம்புகளுக்கு நான் வைத்த பெயர்கள் நோர்த்விக், ஏணிப்பாம்பு, டோர்செற்றபிப், தலிடோமைட். ஏணி இரண்டே இரண்டு. பதினொரு வயதுக்கு மேற்பட்டவருக்குச் சரி. நாணயக் குற்றியும் உறைகளும் தனியாக. இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள், பாதிநேரம் கேள்விக்குப் போகும்.

கடைசி விதி ஒன்று மிச்சம். தோற்ற காயைப் பைக்குள் போடக்கூடாது. எந்தக் கட்டத்தில், ஏன் தோற்றது என்று ஒரு துண்டில் எழுதி எல்லாரும் பார்க்க மேசையில் வைக்க வேண்டும். 2022 ஜனவரி 31இல் இருந்து நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் இதையே சொல்கிறது. பரிசோதனை முடிந்து ஒரு வருடத்துக்குள், வென்றாலும் தோற்றாலும், முடிவின் சுருக்கத்தைப் பொதுத் தளத்தில் போட வேண்டும். சாதாரண ஆட்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு சுருக்கமும் சேர்த்து. எங்களோடு ஆடிய பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அப்படியொரு சுருக்கத்தைத் தேடி எடுத்து, அம்மம்மா போடும் ஊசியைப் பற்றி டெனிஷில் வாசித்துத் தமிழில் அவவுக்குச் சொன்னதாம். அம்மம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆராய்ச்சியில எங்கட ஆக்கள் எத்தினை பேர்?" பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.